ஓட்டிப் போவதா? ஏற்றிப் போவதா?



நம் விடுதியில் தீர்ப்பே வராத வழக்குகள் சில உண்டு. மெஸ் சாம்பார் ஒன்று. கார்பரேட்டரா, ஃபியூயல் இன்ஜெக்‌ஷனா என்பது இன்னொன்று. இந்தக் கட்டுரை மூன்றாவது வழக்கைப் பற்றியது. நெடும்பயணம் போகிறவன் மோட்டார் சைக்கிளை வீட்டு வாசலிலிருந்தே ஓட்டிக்கொண்டு போக வேண்டுமா, அல்லது ரயிலிலோ லாரியிலோ ஏற்றி அனுப்பிவிட்டு, நல்ல ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் இறக்கி ஓட்டலாமா?

முதல் கட்சிக்காரன் சொல்வான்: "வண்டின்னா ஓட்டுறதுக்குத்தாண்டா! ஏத்தி இறக்குறதுக்கு அது என்ன அரிசி மூட்டையா?" இரண்டாம் கட்சிக்காரன் விடமாட்டான்: "நாக்பூர் வெயில்ல ரெண்டு நாள் காய்ஞ்சாத்தான் வீரனா? டெல்லி வரைக்கும் ரயில்ல போட்டுட்டு, மலையில ஓட்டுடா மச்சான். அதுக்குத்தானே போற?" வாதம் சூடாகும். ஏற்றிப் போகிறவனுக்கு 'பார்சல் வீரன்' என்று பட்டம் கட்டுவார்கள். அமெரிக்காவிலும் இதே சண்டைதான். டிரெய்லரில் ஏறியே ஊர் சுற்றும் வண்டிக்கு அங்கே 'டிரெய்லர் ராணி' என்று கேலிப்பெயர்.

பட்டம் கட்டுவது சுலபம். ஆனால் நாமெல்லாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். ஒரு விஷயத்தைக் கையில் எடுத்தால் கணக்குப் போட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதையே இதற்கும் செய்து பார்ப்போமே!

பிறக்கும் வண்டியே ஏறித்தான் போகிறது

முதலில் நம் ஊரைப் பாருங்கள். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற ரோட்டில் ஒரகடம். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற ரோடும் அங்கேதான் வந்து குறுக்கே வெட்டுகிறது. இந்த வட்டாரத்தில் கார், லாரி, டயர், கண்ணாடி, மோட்டார் சைக்கிள் என்று உருளுகிற சாமான் எல்லாம் தயாராகிறது. 1955இல் திருவொற்றியூரில் வேர்விட்ட என்ஃபீல்டு கம்பெனி 2013இல் ஒரகடத்துக்கும், 2017இல் வல்லம் வடகாலுக்கும் வந்தது. யமஹாவும் 2015 முதல் வல்லம் வடகாலில் இருக்கிறது. நெடும்பயணம் என்றாலே எல்லார் மனதிலும் வருகிற வண்டி, நாம் பஸ் ஏறுகிற ரோட்டில்தான் பிறக்கிறது!

பிறந்த வண்டி எப்படி வெளியே போகிறது? யாராவது ஒருவர் கிக்கரை உதைத்து, சாய்பாபா படம் ஒட்டி, அசாம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் ஷோரூமில் விடுகிறாரா? இல்லை. மூடிய பெட்டி லாரிகளில் வரிசையாக நிறுத்தி, பெல்ட் போட்டு இறுக்கி அனுப்புகிறார்கள். கார்களோ லாரியில் மட்டுமல்ல, வாலாஜாபாத் ஸ்டேஷனில் ரயிலிலும் ஏறுகின்றன. பழைய பயணிகள் பெட்டிகளையே மாற்றிக் கட்டி அதற்கென்று ஓட்டுகிறார்கள். ஆக, வண்டியை வடிவமைத்தவன், தயாரித்தவன், விற்பவன் ஆகிய மூன்று பேருமே 'பார்சல் வீரர்கள்'தான்! புது வண்டி புதிதாகவே போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஏற்றி அனுப்புகிறார்கள். அவர்கள் வரைக்கும் அந்த தூரம் ஒரு பயணம் இல்லை, வெறும் தூரம்.

எதிர்ச் சாட்சியும் இதே ரோட்டில் உண்டு. மேல்கூடு இல்லாத பஸ் சேஸிஸை, காற்றுக்கு முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் போகும் டிரைவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெயிலும் மழையும் நேராக அவர் மேல்தான். ஆனால் அது அவருக்கு வேலை. கிலோமீட்டருக்குக் கூலி உண்டு. அவரைப் பார்த்து "அடடா, என்ன சாகசம்!" என்று யாரும் கை தட்டுவதில்லை. அதே வெயிலில் அதே ரோட்டில் நாம் காசு கொடுத்து ஓட்டினால் மட்டும் அது எப்படி வீரமாகிறது?

ஓட்டுகிறவன் பக்கத்து நியாயம்

அதற்காக ஓட்டுகிறவன் முட்டாள் என்று நான் சொல்லவில்லை. அவன் பக்கம் கனமான நியாயம் இருக்கிறது.

சென்னையிலிருந்து டெல்லி ரோட்டு வழியில் சுமார் 2,200 கி.மீ. நெல்லூர், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று போகும். கிருஷ்ணா, கோதாவரி, நர்மதை, சம்பல் என்று நான்கு பெரிய ஆறுகளைத் தாண்ட வேண்டும். தமிழ் தெலுங்காகி, தெலுங்கு மராட்டியாகி, அது இந்தியாகி, இட்லி போய் போஹா வந்து, போஹா போய் பராத்தா வருவதைக் கண்ணால் பார்க்கலாம். ரயிலிலும் பார்க்கலாம்தான். ஆனால் பஞ்சர் கடை வாசலில் அரை மணி உட்கார்ந்து பேசுகிற வாய்ப்பு ரயிலில் கிடைக்காது.

இரண்டாவது நியாயம் நம் படிப்போடு சம்பந்தப்பட்டது. வண்டியைப் பற்றிப் புத்தகத்தில் படிப்பது ஒன்று. நாள் முழுக்க அதன் மேல் உட்கார்ந்து கேட்பது வேறு. செயினுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் போடாவிட்டால் சத்தம் எப்படி மாறுகிறது, நண்பகல் வெயிலில் காற்றால் குளிரும் இன்ஜின் எப்படித் திணறுகிறது, டயரில் காற்று கூடினால் ஹேண்டில் எப்படித் துள்ளுகிறது, லக்கேஜைப் பின்னால் கட்டினால் முன்சக்கரம் எப்படி லேசாகிறது... இவையெல்லாம் லேபில் வராத பாடங்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவன் தன் வண்டியின் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் தூக்கத்திலிருந்து எழுந்த தாயைப்போலத் திரும்பிப் பார்ப்பான். ஆளில்லாத மலை ரோட்டில் அந்தப் பழக்கம் உயிரைக் காப்பாற்றும். நேற்று டெல்லியில் பார்சலை இறக்கி இன்று மலை ஏறுகிறவனுக்கு அந்தப் பழக்கம் இருக்காது, வண்டி பழைய தோழனாக இருந்தால் ஒழிய.

பேரிங் சொல்லும் சாட்சி

"சரி, ஏத்திக்கிட்டுப் போனா வண்டி தேயாதே! அந்த லாபம் இருக்கே!" என்பார்கள். இங்கேதான் மெக்கானிக்கல் நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். 'ஓட்டாத வண்டி தேயாது' என்பது முழு உண்மை இல்லை.

லேபில் பிரினெல் ஹார்ட்னஸ் டெஸ்ட் பண்ணுகிறோமே, உருக்குக் குண்டை வைத்து அழுத்திக் குழியை அளக்கிறோமே, அந்த ஸ்வீடன் நாட்டு எஞ்சினீயர் பிரினெலின் பெயரில் ஒரு நோய் இருக்கிறது. அதற்கு 'போலி பிரினெல்' என்று பெயர். 1930களில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து புது கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். போய் இறங்கியதும் பார்த்தால் சில கார்களின் சக்கர பேரிங்கில் குழி விழுந்திருந்தது. ஒரு மைல்கூட ஓடாத கார்! காரணம் இதுதான்: சக்கரம் சுற்றினால் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் பரவிக்கொண்டே இருக்கும். சுற்றாமல் நின்ற இடத்திலேயே ரயில் ஆட்டத்தில் துளித்துளியாக அசைந்துகொண்டிருந்தால், தொடும் இடத்திலிருந்து கிரீஸ் விலகிவிடும். உலோகமும் உலோகமும் நேராக உரசும். ஒவ்வொரு உருளைக்கும் அடியில் ஒரு பள்ளம் விழும். பார்வைக்கு அழுத்திப் பதித்த குழிபோலத் தெரியும், ஆனால் உரசித் தேய்ந்த குழி. அதனால்தான் 'போலி'.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே ஆபத்து உண்டு. ஸ்டியரிங் தலையில் இருக்கிற பேரிங் நேராகவே நின்று நாள்கணக்கில் அதிர்ந்தால் அதற்கும் இது வரலாம். வந்துவிட்டால் ஹேண்டிலைத் திருப்பும்போது நட்டநடு நிலையில் 'டக்' என்று ஒரு இடத்தில் உட்காரும். ஆகவே ஏற்றுவதும் ஒரு தொழில்தான். அதைத் தெரிந்து செய்ய வேண்டும். முன்சக்கரம் அசையாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டக் கூடாது. நான்கு பக்கமும் பெல்ட் போட்டு, முன் ஃபோர்க் பாதி அமுங்கும் அளவுக்கு மட்டும் இழுக்க வேண்டும். தொளதொள என்று விட்டால் வண்டி குதிக்கும். அடிவரைக்கும் அமுக்கினால் ஃபோர்க் ஆயில் சீல் பழுதாகும்.

ரயிலில் அனுப்புகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை மூன்றின் நகலும் வேண்டும். டேங்கில் பெட்ரோல் சொட்டுக்கூட இருக்கக் கூடாது. இருந்தால் அது சட்டப்படி குற்றம், பெட்டியில் தீப்பிடித்தால் எத்தனை உயிர் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டேங்க், ஹெட்லைட், இண்டிகேட்டர், கிளட்ச் லீவர் ஆகியவற்றுக்குச் சாக்கும் பஞ்சும் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கு என்று அட்டையில் பெரிதாக எழுதிக் கட்டுங்கள். நீங்கள் போகும் ரயிலிலேயே டிக்கெட்டைக் காட்டி 'லக்கேஜ்' ஆகப் பதிவது ஒரு முறை. டிக்கெட் இல்லாமல் 'பார்சல்' ஆகப் பதிவது இன்னொரு முறை. இடம் இல்லையென்றால் பார்சல் அடுத்தடுத்த ரயிலுக்குத் தள்ளிப்போகும். போய்ச் சேர்ந்த பிறகு குறித்த நேரத்துக்குள் எடுக்காவிட்டால் அதற்கும் தனிக் கட்டணம் விழும். இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் 'ஏத்தி விட்டுட்டா முடிஞ்சுது' என்று நினைப்பவனும் ஏமாளிதான்.

சே குவேராவும் லாரி ஏறினார்

பயணம் என்றதும் நம்மில் பலர் டீ-ஷர்ட்டில் சே குவேராவைப் போட்டுக்கொள்கிறோம். 1952இல் அவரும் நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோவும் 500 சி.சி. நார்ட்டன் ஒன்றில் அர்ஜென்டினாவிலிருந்து கிளம்பினார்கள். வண்டிக்கு 'வலிமையானவள்' என்று பொருள்படும் பெயர். அந்த வலிமையானவள் சிலி நாட்டில் படுத்துவிட்டாள். அவளை லாரியில் ஏற்றி சாந்தியாகோ வரை கொண்டுபோய், அங்கேயே விட்டுவிட்டு, மீதிக் கண்டத்தை நடந்தும், லாரி ஏறியும், கப்பலிலும், கட்டுமரத்திலுமாகக் கடந்தார்கள். அந்தப் பயணம் அவரை மாற்றியது என்றால், மாற்றியது வண்டியா? வழியில் பார்த்த சுரங்கத் தொழிலாளியும் தொழுநோயாளியும்தான் மாற்றினார்கள். வண்டி நின்ற பிறகுதான் அவர்களை நெருங்கவே முடிந்தது.

இன்னொருவர் டெட் சைமன். 1973இல் லண்டனில் 500 சி.சி. டிரையம்ஃப் வண்டியில் கிளம்பி, நான்கு வருஷம் உலகைச் சுற்றி, ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, இந்தியாவையும் பார்த்துவிட்டு 1977இல் ஊர் திரும்பினார். நெடும்பயணக்காரர்களுக்கெல்லாம் தாத்தா மாதிரி. அவரும் ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்கு வண்டியைக் கப்பலில்தான் கொண்டுபோனார். கடல் குறுக்கே வந்தால் வேறென்ன செய்வது? அவரை யாரும் 'பார்சல் வீரன்' என்று சொல்லவில்லை.

நமக்குக் குறுக்கே நிற்பது கடல் இல்லை. ஆனால் கடலைவிடப் பெரிய ஒன்று நிற்கிறது. லீவு!

லீவுக் கணக்கு

இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் நம்மில் பாதிப் பேர் இதே ரோட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்ப்போம். இருபது நாள் வேலை செய்தால் ஒரு நாள் சம்பள விடுப்பு என்பது 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டக் காலத்திலிருந்து வருகிற கணக்கு. வருஷத்துக்கு முந்நூறு நாள் வேலை என்றால் பதினைந்து நாள். அதிலும் அக்கா கல்யாணம், அப்பாவுக்குக் காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் கழிய வேண்டும்.

இப்போது லடாக் கணக்கு. சென்னையிலிருந்து டெல்லி 2,200. டெல்லியிலிருந்து மணாலி 500க்கு மேல். மணாலியிலிருந்து லே 400க்கு மேல். ரோதாங் கணவாயை ஏறி இறங்கும் சுற்று, 2020இல் திறந்த அடல் சுரங்கப்பாதையால் குறைந்திருக்கிறது. மொத்தத்தில் ஒருவழிக்கு 3,100 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 500 வீதம் ஓட்டினாலும் மணாலி போகவே ஐந்தரை நாள். மலையில் 500 நடக்காது, இரண்டு மூன்று நாள் ஆகும். போக எட்டு, வர எட்டு. வருஷ லீவு பதினைந்தும் ரோட்டிலேயே முடிந்தது. லேயில் ஒரு டீ குடிக்க நேரமில்லை!

ரயிலில் அனுப்பினால்? டெல்லிக்கு ரயில் ஒன்றரை நாள். வண்டியை எடுத்து, பிரித்து, பெட்ரோல் போட்டு, நட்டு போல்ட் பார்க்க ஒரு நாள். மீதி நாளெல்லாம் மலைக்கு. பெட்ரோலும் அப்படியே. டெல்லி வரை போக வர 4,400 கி.மீ.; லிட்டருக்கு முப்பது கொடுக்கும் வண்டிக்கு 147 லிட்டர்; லிட்டர் நூறு ரூபாய் என்றாலே பதினாலாயிரத்தைத் தாண்டும். வழியில் லாட்ஜ், சாப்பாடு, டயர் தேய்மானம், ஆயில் எல்லாம் தனி. ரயில் டிக்கெட், பார்சல், கட்டுக்கூலி எல்லாம் சேர்த்துப் போட்டாலும் தராசு பெரும்பாலும் ஏற்றுகிறவன் பக்கமே சாயும்.

ஆகவே, அப்பா கம்பெனி முதலாளியாக இருந்து ஒரு மாதம் லீவு கிடைக்கிறவன் தாராளமாக வாசலிலிருந்தே ஓட்டட்டும். ஷிப்டுக்கு வேலை பார்க்கிறவனிடம் வந்து 'நீ உண்மையான ரைடர் இல்லை' என்று சொல்ல அவனுக்கு என்ன உரிமை? அது வீரத்தைப் பற்றிய பேச்சு இல்லை. கையில் நேரம் இருக்கிறவன் நேரம் இல்லாதவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

உடம்பைப் பார்சல் போட முடியாது

"அப்ப வண்டியை லேவுக்கே லாரியில அனுப்பிட்டு, நாம பிளேன்ல போயிறலாமே?" என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. ஏற்றுவதற்கும் எல்லை உண்டு என்பதை இது காட்டுகிறது.

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். காற்று பாதி என்றால் சிலிண்டருக்குள் போகும் ஆக்ஸிஜனும் பாதி. கார்பரேட்டர் வண்டி பெட்ரோலைக் குடித்துவிட்டுக் கரும்புகை கக்கும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி பெட்ரோலைக் குறைத்துச் சமாளிக்கும், ஆனால் சக்தி அதிலும் குறையத்தான் செய்யும். வண்டிக்காவது சென்சார் இருக்கிறது. நம் நுரையீரலுக்கு? கடல் மட்டத்திலிருந்து சில மணி நேரத்தில் அங்கே போய் இறங்கினால் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் என்று மலைநோய் பிடிக்கலாம். முற்றினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் விமானத்தில் வந்து இறங்குகிறவர்களை முதல் இரண்டு நாள் லேயில் சும்மா படுத்திருக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். ரோட்டில் வருகிறவனும் வழியில் தங்கித் தங்கி ஏற வேண்டும். வண்டியைப் பார்சல் போடலாம். உடம்பைப் பார்சல் போட முடியாது.

நம்ம லடாக் திண்டிவனம் தாண்டி இருக்கிறது

இவ்வளவு நேரம் லடாக் பேசினோம். உண்மையைச் சொல்லுங்கள், நம்மில் எத்தனை பேர் லடாக் போகப் போகிறோம்? ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு நெடும்பயணம் போகிறோம். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. மதுரைக்காரன் 460 கி.மீ.; திருநெல்வேலிக்காரன் 600க்கு மேல்; நாகர்கோவில்காரன் 700. டெல்லி–மணாலியைவிட இது தூரம்! வண்டியோ 100 சி.சி., 125 சி.சி. ஜாக்கெட் இல்லை, பூட்ஸ் இல்லை. பின்னால் ஒரு நண்பன், அவன் மடியில் ஒரு பை, பையில் அம்மாவுக்குப் புடவை.

கிளம்புகிற நேரம்தான் கொடுமை. நாளை தீபாவளி என்றால் இன்றைக்கு ஷிப்ட் முடிந்ததும் கிளம்புவான். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வந்து ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம், விழுப்புரம் என்று ராத்திரி முழுக்க ஓட்டுவான். எட்டு மணி நேரம் லைனில் நின்ற கால், அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஹேண்டில் பிடித்த கை. விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தானாகவே தூக்கம் கேட்கும். அது சோம்பேறித்தனம் இல்லை, உடம்பின் கடிகாரம்.

மணிக்கு 80 கி.மீ. என்றால் வினாடிக்கு 22 மீட்டர். மூன்று வினாடி கண் சொக்கினால் 66 மீட்டர் யாருமே ஓட்டாமல் வண்டி போகிறது. விழித்திருக்கிறவன் ஆபத்தைப் பார்த்து, ஒரு வினாடியில் பிரேக்கைப் பிடித்து, காய்ந்த ரோட்டில் நிறுத்தவே அறுபது மீட்டருக்குப் பக்கத்தில் வேண்டும். அந்த இடம் முழுவதையும் அவன் தூக்கத்திலேயே கடந்துவிட்டான். எதிரே சிவப்பு விளக்கு இல்லாமல் நிற்கிற ஒரு லாரி போதும்.

2022ஆம் வருஷத்தில் மட்டும் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அதில் நூற்றுக்கு 44க்கும் மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். இந்த எண்ணுக்குள் லடாக் போனவர்களைத் தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதிப் பேரில் பலர் வேலைக்கும் வீட்டுக்கும் போனவர்கள். நம்மைப்போல.

"ஏண்டா பஸ்ல போகலை?" என்று கேட்டால் பதில் ரெடியாக இருக்கும். "டிக்கெட் கிடைக்கலைடா. ஆம்னி பஸ்காரன் மூணு மடங்கு கேக்குறான். அப்புறம் ஊர்ல வண்டி இல்லாம நாலு நாள் என்ன பண்றது?" இந்தப் பதிலை நான் கேலி செய்ய மாட்டேன். மூன்றும் நிஜம். ஆனால் கணக்கும் நிஜம். திருநெல்வேலிக்கு ஒருவழிப் பெட்ரோலே பன்னிரண்டு பதின்மூன்று லிட்டர், ஆயிரத்து இருநூறுக்கு மேல். முன்பதிவில்லா ரயில் டிக்கெட் அதில் கால் பங்குகூட வராது. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் திறந்த பஸ் நிலையத்துக்கு நாம் வண்டலூர் ரோட்டைப் பிடித்தாலே போதும், கோயம்பேடு வரை போக வேண்டியதில்லை. ஊரில் வண்டி கட்டாயம் வேண்டும் என்றால் பண்டிகைக்குப் பத்து நாள் முன்னதாகவே ரயிலில் பார்சல் போட்டுவிடலாம். முந்தின நாள் போய் நின்றால் இடம் இருக்காது. இல்லையென்றால் மாமா வண்டி, சித்தப்பா வண்டி. நாலு நாளைக்கு இரவல் கேட்டால் குறைந்துவிட மாட்டோம்.

அப்படியும் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால்? ஷிப்ட் முடித்துத் தூங்கு. விடிந்த பிறகு கிளம்பு. இரண்டு பேருக்கும் ஹெல்மெட். ஒன்றரை மணிக்கு ஒருமுறை இறங்கி நட. இருட்டினால் திருச்சியிலேயே படு. அதுவும் ஒரு பயணம்தான், அதில் கேவலம் ஒன்றுமில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

எல்லாப் பாரத்தையும் ஓட்டுகிறவன் தலையிலேயே வைப்பதும் நியாயமில்லை. ஒரு பையன் நள்ளிரவில் ஏன் கிளம்புகிறான்? பண்டிகைக்கு முந்தின நாள் வரை ஷிப்ட் போட்டால் வேறு எப்போது கிளம்புவான்? இங்கே தயாராகிற ஒவ்வொரு வண்டியையும் கீறல் விழாமல் அசாம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க இவ்வளவு ஏற்பாடு இருக்கிறது. பெல்ட் உண்டு, முட்டு உண்டு, இன்சூரன்ஸ் உண்டு. அந்த வண்டியின் போல்ட்டை முறுக்கிய கை பத்திரமாகத் திருநெல்வேலி போய்ச் சேர என்ன ஏற்பாடு?

இதை நம் மாணவர் சங்கம் கையில் எடுக்கலாம். பண்டிகைக்கு முந்தின இரண்டு நாளும் ஒரகடத்திலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் நேராகத் தென்மாவட்டங்களுக்குச் சிறப்புப் பேருந்து விடச் சொல்லி அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மனு கொடுக்கலாம். பயிற்சிக்கு நம்மை எடுக்கிற கம்பெனிகளிடம், நைட் ஷிப்ட் முடித்தவனை அன்றே ஊருக்குத் துரத்தாமல் ஒரு நாள் முன்னதாக விடும்படி கேட்கலாம். தினமும் வேலைக்கு அழைத்துவரக் கம்பெனி பஸ் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு நாள் அதே பஸ் கிளாம்பாக்கம் வரை போனால் என்ன? விடுதியில் நாலு நாள் வண்டியைப் பூட்டிவைக்கக் காவலோடு ஓர் இடம் கேட்கலாம். எதுவும் பெரிய செலவில்லை. கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இனி தீர்ப்பு. பட்டிமன்ற நடுவர்போல் 'இரண்டும் சரி' என்று நழுவ மாட்டேன். எந்த ரோட்டைப் பார்ப்பதற்காகக் கிளம்பினாயோ அந்த ரோட்டில் ஓட்டு. அங்கே ஏற்றிப் போவது வீண். ஊர் போய்ச் சேர்வதற்காக மட்டும் கடக்கிற ரோட்டில் ஏற்றிப் போ, அல்லது வண்டியை விட்டுவிட்டுப் போ; அங்கே ராத்திரி முழுக்க ஓட்டுவது வீரம் இல்லை. லடாக்குக்குப் பார்சலில் போனவனைக் கேலி செய்கிற நண்பா, தீபாவளி ராத்திரியில் தூக்கக் கண்ணோடு விழுப்புரம் தாண்டுகிற உன் ரூம்மேட்டைத் தடுத்து நிறுத்தியிருக்கிறாயா? அந்த ஒரு இரவு அவன் வண்டிச் சாவியை வாங்கி உன் பையில் போட்டுக்கொண்டு, அவனைக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றிவிட்டு வா. இந்த வருஷம் நீ செய்கிற பெரிய சாகசம் அதுவாகவே இருக்கட்டும்.